டிராஃப்ட் நாள் சந்தேகங்கள்: ஃபேன்டசி ஃபுட்பால் கேள்வி பதில்

செப்டம்பர் தொடக்கத்தில் அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல். பருவம் ஆரம்பமாகிவிடும். நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்தில் செய்வதைப் புள்ளியாக்கி மோதுவதுதான் ஃபேன்டசி லீக். நண்பர்களோடு அதை ஆடுகிறவர்களுக்கு அதற்கு முந்தைய இரண்டு வாரங்கள்தான், வீரர்களைத் தங்களுக்குள் பிரித்தெடுக்கும் பரபரப்பான டிராஃப்ட் காலம். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கேள்வி: நண்பர்கள் 12 பேர் சேர்ந்து முதன்முறையாக லீக் தொடங்குகிறோம். டிராஃப்டுக்கு முன்பே எதையெல்லாம் பேசி முடித்துவிட வேண்டும்?

பதில்: முதலில் புள்ளிக் கணக்கு. அது முடிவாகாமல் யாரும் வீரர் பட்டியல் தயாரிக்கவே முடியாது. பெரும்பாலான லீக்குகளில் அடிப்படை ஒன்றுதான். ஓடியோ, பந்தைப் பிடித்தோ எடுக்கும் ஒவ்வொரு 10 யார்டுக்கும் 1 புள்ளி, பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் சேர்க்கும் டச்டவுனுக்கு 6. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக், எறிந்து எடுக்கும் 25 யார்டுக்கு 1 புள்ளி. எறிந்த டச்டவுனுக்கு 4. பிடித்த பந்துகளை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் லீக்குக்கு லீக் மாறும். ஒரு கேட்சுக்கு 1 புள்ளி கொடுத்தால் பி.பி.ஆர்., அரைப் புள்ளி என்றால் ஹாஃப் பி.பி.ஆர்., ஒன்றும் இல்லையென்றால் ஸ்டாண்டர்ட். பந்தோடு ஓடுவதே முக்கிய வேலையான ரன்னிங் பேக் ஒருவர் 80 யார்டு ஓடி, 5 பந்துகளைப் பிடித்து அவற்றில் 40 யார்டு எடுத்து, ஒரு டச்டவுனும் போட்டார் என்று வையுங்கள். ஸ்டாண்டர்டில் அவருக்கு 18 புள்ளி, ஹாஃபில் 20.5, முழு பி.பி.ஆரில் 23. ஒரே ஆட்டம், மூன்று மதிப்பு. புது லீக்குக்கு ஹாஃப் பி.பி.ஆர். போதும் என்பது எங்கள் கருத்து. நிறைய கேட்ச் பிடிக்கும் ரிசீவருக்கும் நிறைய ஓடும் ரன்னிங் பேக்குக்கும் அதில் இடைவெளி அதிகமாவதில்லை.

அடுத்து அணியின் அமைப்பு. 1 குவாட்டர்பேக், 2 ரன்னிங் பேக், 2 வைட் ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்), 1 டைட் எண்ட் (பிடிப்பதோடு எதிராளியைத் தடுக்கவும் செய்பவர்), 1 ஃப்ளெக்ஸ், 1 கிக்கர் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவர்), 1 டிஃபென்ஸ் (ஓர் அணியின் தடுப்பாட்டக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து), பெஞ்சில் 6 பேர் என்று மொத்தம் 15 வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ் இடத்தில் ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் மூவரில் யாரை வேண்டுமானாலும் இறக்கலாம். 12 பேருக்கு 15 சுற்று என்றால் 180 தேர்வுகள். ஒரு தேர்வுக்கு 90 நொடி கொடுத்து எல்லாரும் கடைசி நொடி வரை இழுத்தால் நாலரை மணி நேரம் ஆகும். 60 நொடி என்றால் மூன்று மணி நேரம். 60 வையுங்கள்.

தேதியைப் பொறுத்தவரை, ஆகஸ்ட் கடைசியில் எல்லா அணிகளும் ஆட்களைக் குறைத்து 53 பேர் பட்டியலுக்கு வந்த பிறகு டிராஃப்ட் வைப்பது நல்லது. அதற்கு முன் வைத்தால், எடுத்த வீரர் மறுவாரமே அணியிலிருந்து நீக்கப்படவோ, பயிற்சி ஆட்டத்தில் காயம்படவோ வாய்ப்பு உண்டு. இறுதிப் போட்டியை 17ஆம் வாரத்தில் முடித்துவிடுங்கள். 18ஆம் வாரத்தில் இடம் உறுதியான அணிகள் தங்கள் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடும். 12 பேர் லீக்கில் 6 பேர் பிளேஆஃப் போவதும், 15, 16, 17 வாரங்களில் அது நடப்பதும் சரியான அளவு. பந்தயப் பணம் இருந்தால் டிராஃப்டுக்கு முன்பே வசூலியுங்கள். பாதிப் பருவத்தில் 2 வெற்றி, 6 தோல்வி என்று நிற்பவரிடம் கேட்டு வாங்குவது நட்புக்கு நல்லதல்ல.

கேள்வி: நாங்கள் 8 பேர்தான் இருக்கிறோம். இத்தனை குறைவானவர்களை வைத்து நடத்தலாமா?

பதில்: தாராளமாக. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக் 1962இல் இந்த விளையாட்டை யோசித்து, 1963இல் ஓக்லண்டில் நடத்திய முதல் லீக்கிலேயே 8 அணிகள்தான். ஒரு சிக்கல் மட்டும் உண்டு: 8 பேருக்குள் பிரித்தால் எல்லா அணியும் நட்சத்திர அணியாகி, திறமைக்கு வேலை குறைந்துவிடும். அதைச் சரிசெய்ய 3 ரிசீவர், 2 ஃப்ளெக்ஸ் என்று களமிறக்கும் இடங்களைக் கூட்டுங்கள். வாரந்தோறும் இருவர் இருவராக மோதும் லீக் என்பதால் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருப்பது முக்கியம்.

கேள்வி: அதிகப் புள்ளி எடுப்பவர் குவாட்டர்பேக்தானே? பிறகு ஏன் அவரை முதல் சுற்றில் எடுக்காதே என்கிறார்கள்?

பதில்: டிராஃப்டின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு வீரர் எத்தனை புள்ளி எடுக்கிறார் என்பதை வைத்து அவரை மதிப்பிடக் கூடாது. அவரை விட்டால் உங்களுக்கு யார் மிஞ்சுவார், அவர் எத்தனை எடுப்பார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

12 பேர் லீக்கில் வாரந்தோறும் தேவைப்படுவது 12 குவாட்டர்பேக்குகள். என்.எஃப்.எல். அணிகள் 32, ஆக 32 பேர் கிடைக்கிறார்கள். ரன்னிங் பேக்கோ ஆளுக்கு இருவர் என்றாலே 24 பேர் தேவை. ஃப்ளெக்ஸில் இறங்குபவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 30. இங்கேயும் அணிகள் 32தான், ஆனால் பல அணிகள் ஓட்ட வேலையை இருவருக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. முழு வேலையும் ஒருவரே பார்க்கும் இடங்கள் சில மட்டுமே.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். சிறந்த குவாட்டர்பேக் ஆட்டத்துக்கு 22 புள்ளி, 12ஆம் இடத்தில் இருப்பவர் 17 என்றால் இடைவெளி 5. சிறந்த ரன்னிங் பேக் 19, 30ஆவது ஆள் 9 என்றால் இடைவெளி 10. முதல் சுற்றில் குவாட்டர்பேக்கை எடுப்பவர் 5 புள்ளி லாபத்துக்காக 10 புள்ளி லாபத்தைக் கைவிடுகிறார்.

இதை நீங்களே உங்கள் லீக்குக்குத் தயாரிக்கலாம். உங்கள் புள்ளி முறைப்படி ஒவ்வொரு வீரரின் பருவ மதிப்பீட்டையும் ஒரு விரிதாளில் இடம் வாரியாகப் போடுங்கள். குவாட்டர்பேக்கிலும் டைட் எண்டிலும் 12ஆவது ஆள், ரன்னிங் பேக்கிலும் ரிசீவரிலும் 30ஆவது ஆள், இவர்கள்தான் ஒப்பிடுவதற்கான கோடு. ஒவ்வொருவரின் புள்ளியிலிருந்தும் அவரவர் இடத்துக் கோட்டின் புள்ளியைக் கழித்து, மீதியை வைத்து எல்லாரையும் ஒரே பட்டியலாக வரிசைப்படுத்துங்கள். பிறகு இன்னொரு வேலை: ஒவ்வொரு இடத்திலும் புள்ளி சட்டென்று இறங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு அடுக்குகளாகப் பிரியுங்கள். அடுக்கு என்றால், அதற்குள் யாரை எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

டிராஃப்டில் உங்கள் முறை வரும்போது கேட்க வேண்டியது இரண்டு. இந்த அடுக்கில் இன்னும் எத்தனை பேர் மீதி? என் அடுத்த முறைக்குள் எத்தனை தேர்வுகள் நடக்கும்? அடுக்கில் 6 ரிசீவர்கள் மீதியிருந்து, இடையில் 10 தேர்வுகள்தான் என்றால் பொறுக்கலாம். ஒருவராவது மிஞ்சும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ரன்னிங் பேக் அடுக்கில் ஒருவர் மட்டும் மீதி என்றால் அவரை இப்போதே எடுங்கள்.

அடுத்தடுத்து நாலு பேர் டைட் எண்ட் எடுத்தால், ஐந்தாவது ஆளுக்கும் கை பரபரக்கும். அந்த ஓட்டத்தின் வாலில் சேர்பவர்தான் நஷ்டப்படுவார். மற்றவர்கள் அங்கே முறையைச் செலவழிக்கும்போது ரிசீவரிலோ ரன்னிங் பேக்கிலோ ஒரு நல்ல ஆள் உங்கள் வரைக்கும் இறங்கி வருவார்.

இந்தக் கணக்கெல்லாம் ஒரு குவாட்டர்பேக் இறக்கும் லீக்குக்கு. இரண்டாவது குவாட்டர்பேக்கையும் இறக்க அனுமதிக்கும் சூப்பர்ஃப்ளெக்ஸ் லீக்கில் 32 பேரில் 24 பேர் வாரந்தோறும் தேவைப்படுவார்கள். அங்கே முதல் இரண்டு சுற்றிலேயே ஒரு குவாட்டர்பேக்கைப் பிடித்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்னேக் முறையில் எனக்கு 12ஆம் இடம் விழுந்துவிட்டது. இது நஷ்டமா?

பதில்: பெரிய நஷ்டமில்லை. ஸ்னேக் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் வரிசை திரும்புவதால் உங்கள் தேர்வுகள் 12, 13, 36, 37, 60, 61. முதல் இடத்துக்காரருக்கு 1, 24, 25, 48, 49. நடுவில் 6ஆம் இடத்தில் இருப்பவருக்கு 6, 19, 30, 43. ஓரத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு பேரை ஜோடியாக எடுக்கும் வசதி உண்டு; ஆனால் அடுத்த முறை வர 22 பேர் போய்விடுவார்கள். அதனால் பிடித்த ஆளை ‘ஒரு சுற்று முன்னாடியா?’ என்று தயங்காமல் எடுங்கள். முதல் இடத்துக்குத்தான் அதிகச் சாதகம் என்று உங்கள் லீக் நினைத்தால், மூன்றாம் சுற்றையும் இரண்டாம் சுற்றின் வரிசையிலேயே நடத்துங்கள். அப்போது 12ஆம் இடத்துக்கு 12, 13, 25, 48. முதல் இடத்துக்கு 1, 24, 36, 37 என்று மாறும்.

கேள்வி: ஏல முறையில் எனக்கு எப்போதும் கடைசியில் பணம் தீர்ந்து, பெஞ்ச் முழுக்க உதவாத ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். எங்கே தவறு?

பதில்: வழக்கமான ஏலத்தில் ஆளுக்கு 200 டாலர் கற்பனைப் பணம், ஒவ்வொரு வீரருக்கும் குறைந்தது 1 டாலர். நீங்கள் கேட்கக்கூடிய உச்ச விலை, கையிருப்பிலிருந்து அந்த ஆளைத் தவிர நிரப்ப வேண்டிய மீதி இடங்களின் எண்ணிக்கையைக் கழித்தது. 15 பேர் அணியில் 4 பேருக்கு 150 செலவாகிவிட்டால் மீதி 50, இடம் 11. உச்சம் 40. அதையும் ஒருவருக்கே கொடுத்தால் மற்ற 10 பேரும் 1 டாலர் ஆட்கள்தான்.

ஏலத்துக்கு முன்பே இடத்துக்கு இவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். கிக்கருக்கும் டிஃபென்ஸுக்கும் ஆளுக்கு 1 டாலர். பெஞ்ச் ஆறு பேருக்கும் சேர்த்து 12 டாலர். மீதி 186 முதல் ஏழு பேருக்கு. ஓர் இடத்தில் 5 டாலர் கூடினால் அந்த நொடியே இன்னொரு இடத்தில் 5 குறையுங்கள். இன்னொரு தவறு, பிடித்த வீரரையே முதலில் ஏலத்துக்கு விடுவது. எல்லார் கையிலும் பணம் இருக்கும் நேரத்தில் உங்களுக்குத் தேவையில்லாத பிரபல வீரரை விடுங்கள். மற்றவர்கள் பணம் கரையட்டும். விலையேற்றிவிட மட்டும் கேட்காதீர்கள். எதிராளி விட்டுவிட்டால் அந்த வீரர் உங்கள் தலையில்தான் விழுவார்.

கேள்வி: கிக்கரையும் டிஃபென்ஸையும் எந்தச் சுற்றில் எடுப்பது?

பதில்: கடைசி இரண்டு சுற்றில். யார் முதலில் வருவார் என்பதை முன்கூட்டிக் கணிப்பது இந்த இரண்டு இடங்களில்தான் மிகக் கடினம். டிஃபென்ஸை முழுப் பருவத்துக்கும் பார்த்து எடுக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் பலவீனமான அணியோடு மோதும் டிஃபென்ஸை எடுத்து, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பை வீக் ஒன்றாக வராதபடி பார்த்து எடுக்க வேண்டுமா?

பதில்: முதல் எட்டுச் சுற்று வரை அதைப் பார்க்கவே வேண்டாம். அணிகளுக்கான ஓய்வு வாரம் பெரும்பாலும் 5ஆம் வாரத்துக்கும் 14ஆம் வாரத்துக்கும் நடுவில் வரும். அதற்குள் உங்கள் அணியே பாதி மாறியிருக்கும். இரண்டாவது குவாட்டர்பேக்கோ டைட் எண்டோ எடுக்கும்போது மட்டும் முதல் ஆளின் பை வீக்கோடு மோதுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு டிராஃப்ட் நடுவில் இணையம் போய், செயலியே எனக்கு மூன்று குவாட்டர்பேக்கை எடுத்துவிட்டது. தடுக்க வழி உண்டா?

பதில்: நேரம் தீர்ந்தால் செயலி முதலில் நீங்கள் முன்கூட்டியே குறித்து வைத்த க்யூ பட்டியலைப் பார்க்கும், அது காலியாக இருந்தால்தான் தன் சொந்த வரிசைப்படி எடுக்கும். டிராஃப்ட் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே க்யூவில் 15, 20 பேரைப் போட்டு வையுங்கள். உங்கள் முறைக்கு மூன்று தேர்வு முன்பு குறைந்தது ஐந்து பேராவது அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். அமைப்புகளில் ‘இந்த இடத்துக்கு அதிகபட்சம் இத்தனை பேர்’ என்று குறிக்கும் வசதி இருந்தால் குவாட்டர்பேக்குக்கு 2 என்று வையுங்கள். கைபேசியின் இணையத்தையும் தயாராக வைத்திருங்கள்.

அந்தச் செயலியின் வரிசை இன்னொரு வகையிலும் முக்கியம். நண்பர்களில் பாதிப்பேர் திரையில் மேலே தெரியும் பெயரைத்தான் எடுப்பார்கள். உங்கள் கணக்கில் 40ஆம் இடத்தில் இருப்பவரைச் செயலி 75இல் காட்டினால், ஓரிரு சுற்று பொறுத்து எடுக்கலாம்.

கேள்வி: பெஞ்சில் யாரை வைப்பது?

பதில்: வாரத்துக்கு 7 புள்ளி நிச்சயம் தரும் ஆளை விட, முன்னால் இருப்பவர் காயம்பட்டால் முழு வேலையும் கைக்கு வரக்கூடிய இரண்டாம் நிலை ரன்னிங் பேக்கை வையுங்கள். முன்னவரை எடுத்தது நீங்களாக இருந்தால் இது காப்பீடு. வேறொருவராக இருந்தால் உங்களுக்குக் கூடுதல் லாபம். காயப் பட்டியலில் பருவத்தைத் தொடங்கும் வீரர் குறைந்தது 4 ஆட்டம் ஆடமாட்டார். உங்கள் லீக்கில் காயம்பட்டவர்களுக்கான ஐ.ஆர். இடம் தனியாக இருந்தால் மட்டும் அவரை எடுங்கள். இல்லையென்றால் முதல் வாரத்து ஆட்டங்கள் முடிந்ததும் வெய்வரில் (எந்த அணியிலும் இல்லாத வீரர்களைச் சேர்க்கும் முறை) வரும் புது ஆளைச் சேர்க்க உங்களிடம் இடமே இருக்காது.