பொமரேனியன் குட்டி கூப்பிட்டால் வருவதே இல்லை. எப்படிப் பழக்குவது?

கேட்டைத் திறந்தால் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது, தொண்டை வற்றக் கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். குட்டிக்குத் தன் பெயர் நன்றாகவே தெரியும். வந்தால் என்ன நடக்கும் என்பதும் தெரியும், அதுதான் சிக்கல். நம் வீடுகளில் நாயைக் கூப்பிடுவதே குளிப்பாட்ட, சங்கிலி மாட்ட, செருப்பைக் கடித்ததற்கு அதட்ட. அப்புறம் எப்படி வரும்?

குளிப்பாட்ட வேண்டுமென்றால் நீங்களே போய்த் தூக்கிக்கொண்டு வாருங்கள். கூப்பிட்டு வந்தால் நல்லது மட்டுமே நடக்க வேண்டும். கோழி ஈரலை உப்பில்லாமல் வேகவைத்து, சுண்டுவிரல் நகமளவு நறுக்கிக்கொள்ளுங்கள். இதன் முன் பிஸ்கட் எல்லாம் நிற்காது. வெங்காயம் சேர்க்கவே கூடாது, நாய்க்கு விஷம். திராட்சையும்தான், உலர்ந்ததும் சேர்த்து. பாயசத்திலிருந்து எடுத்துப் போடும் பாட்டிகள் இருந்தால் சொல்லி வையுங்கள்.

பழக்க மொட்டை மாடி நல்ல இடம். கைப்பிடிச் சுவரில் இடைவெளி இருக்கக் கூடாது. மதுரை வெயிலுக்குத் தளம் ஆறவே இருட்டிவிடும், அதனால் விடியற்காலை. மார்புப் பட்டை மாட்டி, அதில் ஐந்து மீட்டர் கொடிக்கயிறு கட்டுங்கள். கழுத்தில் கட்டினால், ஓடி வெட்டி நிற்கும்போது சின்ன நாயின் மூச்சுக்குழல் நசுங்கும். அது தண்ணீர்த் தொட்டியை மோந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒருமுறை, சிரித்த குரலில் கூப்பிட்டு, பக்கவாட்டில் குந்திக்கொள்ளுங்கள். வரவில்லையா? கயிற்றை இழுக்காதீர்கள், பத்து முறை கத்தாதீர்கள். நாக்கைச் சொடுக்கியபடி பின்னால் நகருங்கள். வந்ததும் ஒரு கையால் பட்டையைத் தொட்டுக்கொண்டே மறுகையால் ஈரலைக் கொடுங்கள். இல்லையென்றால் வாயில் கவ்விக்கொண்டு நழுவக் கற்றுக்கொள்ளும்.

கொடுத்ததும் "போ" என்று மறுபடி விட்டுவிடுங்கள். எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான். வந்த உடனே கட்டிப்போட்டால் விளையாட்டு முடிந்தது என்றே அது நினைக்கும். வந்தாலும் திரும்பப் போகலாம் என்று புரிந்தபின் எங்கள் வீட்டுக் குட்டி பாதி நேரம் ஈரலைக்கூடக் கேட்பதில்லை.

அப்புறம் வெளியே. ஊமச்சிகுளம் பக்கம் கல் நட்டுப் போட்டிருக்கும் பிளாட்டுகள் மாதிரி தெருநாய் இல்லாத இடமாகப் பாருங்கள், கயிறோடுதான்.

கேட்டைத் தாண்டி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், அதற்கு அது விளையாட்டு. வண்டி வராத தெருவென்றால் கூப்பிட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள், பின்னாலேயே வரும். சித்திரைத் திருவிழா, தீபாவளி நாட்களில் மட்டும் இதையெல்லாம் நம்ப வேண்டாம். வேட்டுச் சத்தத்தில் மிரண்ட நாய்க்கு ஈரலும் தெரியாது, நீங்களும் தெரிய மாட்டீர்கள். கேட்டைப் பூட்டி வையுங்கள்.