யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே இரத்தக்குழாய் ஆராய்ச்சியாளராக வருவதற்கு எங்கே தொடங்குவது?

கேள்வி இதுதான்: "மருத்துவ பீடத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். இரத்தக்குழாய் நோய்களில் ஆராய்ச்சி செய்ய விருப்பம். இங்கே அதற்கான பெரிய ஆய்வுகூடம் இல்லை. வெளிநாடு போகும்வரை காத்திருக்க வேண்டுமா?"

காத்திருக்க வேண்டாம். கணுக்காலின் பிரஷரையும் கையின் பிரஷரையும் பிழையில்லாமல் எடுக்கப் பழகினால் போதும், தொடங்கிவிடலாம். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வரும் எண்தான் கணுக்கால்–கை குறியீடு. கால் நாடிகளின் அடைப்பைப் பற்றிய பெரிய ஆய்வுகள் பலவும் இந்த ஒரு எண்ணின் மேலேதான் நிற்கின்றன. 1988இல் தொடங்கிய எடின்பரோ நாடி ஆய்வு, 55 முதல் 74 வயது வரையான 1,592 பேரின் காலை இப்படி அளந்துதான் அவர்களைப் பின்தொடர்ந்தது. தேவையானவை ஒரு கைடொப்ளர் (நாடியில் ஓடும் இரத்தத்தின் சத்தத்தைக் கேட்க வைக்கும் சிறு அல்ட்ராசவுண்ட் கருவி), ஜெல், பிரஷர் கருவி, பொறுமை. டொப்ளர் 8 மெகாஹேர்ட்ஸ் அளவில் இருக்கட்டும். வாட்டில் சிசுவின் இதயத்துடிப்புக் கேட்க வைத்திருக்கும் 2, 3 மெகாஹேர்ட்ஸ் கருவியை இரவல் வாங்கிச் செய்ய முயலாதீர்கள். தோலுக்கு அருகில் ஓடும் சிறு நாடிக்கு அது சரிவராது.

அளக்கும் முறையை வடிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கனக்க ஆய்வுகள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. கிளினிக்குக்குச் சைக்கிள் உழக்கி வந்தவரை உடனே அளக்கக் கூடாது. மல்லாந்து படுக்க வைத்து 5 முதல் 10 நிமிடம் ஓய்வு கொடுங்கள். இருந்தபடி அளந்தால் கணுக்கால் இதயத்துக்குக் கீழே வந்துவிடும், அங்கே பிரஷர் பொய்யாகக் கூடும். பிரஷர் கருவியின் காற்றுப் பட்டியின் அகலம் கையின் அல்லது காலின் சுற்றளவில் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். ஒடுங்கிய பட்டியும் பிரஷரைக் கூட்டித்தான் காட்டும். முதலில் ஒரு கை, பிறகு அதே பக்கக் காலில் உட்கணுவுக்குப் பின்னால் ஓடும் நாடி, அடுத்துப் புறங்கால் நாடி, பின்னர் மற்றக் காலில் இரண்டும், கடைசியாக மற்றக் கை. டொப்ளரைத் தோலோடு 45 முதல் 60 பாகை சாய்த்துப் பிடியுங்கள். அழுத்திப் பிடித்தால் நாடியே நசிந்து சத்தம் நின்றுவிடும். சத்தம் மறைந்த இடத்திலிருந்து இன்னும் 20 மி.மீ. (இரச அளவு) ஏற்றி, செக்கனுக்கு 2 மி.மீ. வீதம் இறக்கிக்கொண்டு வாருங்கள். சத்தம் திரும்பி வரும் முதல் கணம்தான் உங்கள் எண். முதற் கை மற்றக் கையைவிட 10 மி.மீ.க்கு மேல் கூடியிருந்தால் முதற் கையைத் திரும்ப எடுத்து, பழைய எண்ணை விட்டுவிடுங்கள். பயத்தில் ஏறிய பிரஷராக அது இருக்கலாம்.

கணக்கிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. ஒருவருக்கு உட்கணு நாடி 118, புறங்கால் நாடி 104, கைகள் 142, 136 என்று வையுங்கள். காலில் கூடிய எண்ணை, கையில் கூடிய எண்ணால் வகுத்தால் 0.83. காலில் குறைந்ததை எடுத்தால் 0.73. தவறிப்போய்க் குறைந்த கையால் வகுத்தால் 0.87. ஒரே மனிதர், மூன்று விடைகள். நோய் என்று சொல்லும் எல்லை 0.90 அல்லது அதற்குக் கீழ் என்பதால், எந்தக் கணக்கு என்பதைப் பொறுத்து ஊரின் நோய் வீதமே மாறிவிடும். ஆகவே படிவத்தில் ஆறு பிரஷர்களையும் அப்படியே எழுதுங்கள். விகிதத்தை மட்டும் எழுதி வைத்தால் பிறகு திருத்த வழியில்லை.

1.40க்கு மேல் வந்தால் "நல்ல இரத்த ஓட்டம்" என்று எழுதிவிடுகிறார்கள். இது ஆபத்தான பிழை. நீண்டகாலச் சீனி வருத்தத்திலும் சிறுநீரக நோயிலும் நாடிச் சுவரின் நடுப்படையில் கல்சியம் படிந்து குழாய் இறுகிவிடுகிறது. பட்டி அதை நசிக்க முடியாதபோது எண் உயர்கிறது. உள்ளே அடைப்பும் இருந்தால் உயர்வும் தாழ்வும் ஒன்றையொன்று ஈடுசெய்து 1.0 என்றுகூட வரும். அதனால் சீனி வருத்தக்காரர்களிடம் ஆய்வு செய்தால் பெருவிரல் பிரஷரும் வேண்டும். விரலுக்குத் தனிச் சிறு பட்டி, நுனியில் ஒளியால் ஓட்டத்தை உணரும் உணரி. விரல்–கை விகிதம் 0.70 அல்லது கீழே என்றால் குறைவு. கால் குளிர்ந்திருந்தால் விரல் பிரஷர் பொய்யாகக் குறையும். யாழ்ப்பாண வெயிலில் அது நடக்காது என்று நினைக்காதீர்கள், ஏசி அறையில் நடக்கும்.

ஆட்களைச் சேர்ப்பதற்கு முன் உங்கள் கையையே சோதியுங்கள். இரண்டு பேர், 20 கால்கள், ஒருவர் எடுத்த அளவு மற்றவருக்குத் தெரியாமல், ஒவ்வொரு காலும் இரண்டு தடவை. வித்தியாசங்கள் 0.15ஐத் தாண்டிப் பரவினால் ஆய்வைத் தொடங்கக் கூடாது, பயிற்சிக்குத் திரும்புங்கள். இன்னொரு எளிய சோதனை: முள் மீற்றரில் 2 மி.மீ. கோடுகள்தான் இருக்கும், எனவே எண்கள் 0, 2, 4, 6, 8 என முடிவது தலா ஐந்தில் ஒரு பங்காக வர வேண்டும். பாதிக்கு மேல் 0இல் முடிந்தால், அளப்பவர் கண்மதிப்பில் எழுதுகிறார்.

கேள்விக்கொத்துத்தான் யாழ்ப்பாணத்தில் உண்மையிலேயே புதிதாகச் செய்ய இடமுள்ள வேலை. நடக்கும்போது கால் நோகுதா என்று கேட்கும் எடின்பரோ கேள்விக்கொத்து 1992இல் வந்தது. அதில் ஒரு கேள்வி, மேட்டில் ஏறும்போது அல்லது விரைந்து நடக்கும்போது நோ வருமா என்பது. குடாநாட்டில் ஏறுவதற்கு மேடு எங்கே? தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். வயதானவர்கள் பலர் சைக்கிளில் போகிறவர்கள். நடக்காதவருக்கு நடைநோ தெரியாது, அவர் "இல்லை" என்றுதான் சொல்வார், அடைப்பு மட்டும் இருக்கும். சொற்களும் அப்படித்தான். "வலி" என்று அச்சடித்துக் கேட்டால் இல்லை என்பவர், "கெண்டைக்கால் உளையுதா, நின்றால் பத்து நிமிடத்துக்குள் விடுதா" என்று கேட்டால் ஓம் என்பார். இருவர் தனித்தனியாக மொழிபெயர்த்து, மூன்றாமவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், பிறகு சிலரிடம் கதைத்துப் பார்த்து, கடைசியில் டொப்ளர் எண்ணோடு ஒப்பிட வேண்டும். புகைத்தலைப் பற்றிக் கேட்கும்போதும் "சிகரெட்" என்று மட்டும் போட்டால் சுருட்டுக் குடிப்பவர் தப்பிவிடுவார். புகையிலை விளையும் மண்ணில் அது சின்ன விடுபடல் அல்ல. வெற்றிலையோடு சப்பும் புகையிலைக்கு வேறு கேள்வி வையுங்கள்.

மாதிரி அளவு: கிளினிக்கில் 20 சதவீதம் பேருக்கு அடைப்பு இருக்கலாம் என்று எடுத்து, கூடக்குறைய 5 சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் 246 பேர். அளக்க முடியாமல் போகிறவர்களுக்காகப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் ஏறத்தாழ 270. ஊருக்குள் கிராம சேவகர் பிரிவுவாரியாகக் கொத்தாகத் தெரிவுசெய்தால் இந்த எண் போதாது, ஒரே பிரிவில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலாவது ஆளை அளப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும், பின்னால் கிடைக்காது. குறைந்த எண் வந்தவரை எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவீர்கள் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அளந்துவிட்டுக் கடிதம் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்புவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

இப்படித் தொடங்கிய வேலை எங்கே போய்ச் சேரும் என்பதற்கு, கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்து இரத்தக்குழாய் மருத்துவர் சோனியா ஆனந்தின் பாதையைப் பாருங்கள். 2000இல் வெளிவந்த அவரது ஷேர் ஆய்வு, கனடாவில் வாழும் தெற்காசியர், சீனர், ஐரோப்பியர் ஆகியோரின் கழுத்து நாடிச் சுவரை அளந்தது. தெற்காசியரில் இதய, இரத்தக்குழாய் நோய் 11 சதவீதம், ஐரோப்பியரில் 5. ஆனால் சுவர்த் தடிப்பு ஐரோப்பியரிடமே சற்றுக் கூடியிருந்தது. கவனமாக அளந்ததால்தான் இந்த முரண் வெளியே வந்தது. 2018இல் கொம்பஸ் என்ற மருந்துப் பரிசோதனையின் 7,470 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையையும் அவரே முன்னின்று எழுதினார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ரிவரொக்சபான் மருந்தைக் குறைந்த அளவில் அஸ்பிரினோடு கொடுத்தபோது, கால் பறிபோகும் நிலைகள் அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களைவிட ஏறக்குறையப் பாதியானதை அது காட்டியது. இரத்தக்கசிவு கூடியதையும் சேர்த்தே படியுங்கள்.

உள்ளகப் பயிற்சி முடிந்தபின் கொழும்புப் பட்டமேற்படிப்பு நிறுவனம் வழியாக இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை, பொது மருத்துவம், சமுதாய மருத்துவம் என எதில் போனாலும் இதற்கு வாசல் உண்டு. என் கணிப்பில், புள்ளியியலை இப்போதே பழகிக்கொள்பவர் மற்றவர்களைவிடப் பல வருடம் முந்துவார்.

காலெடுப்பு (காலை வெட்டி அகற்றும் அறுவை) எண்ணிக்கையைச் சத்திரசிகிச்சைத் தியேட்டர் பதிவேட்டிலிருந்து எடுக்கப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவருக்கு முதலில் விரல், பிறகு பாதத்தின் முன்பகுதி, பிறகு முழங்காலுக்குக் கீழ் என மூன்று தடவை நடந்திருக்கும். பதிவேட்டில் அது மூன்று வரி. ஆட்களையும் அறுவைகளையும் தனித்தனியாக எண்ணி, கணுக்காலுக்கு மேலே எடுத்ததை மட்டும் பெரிய காலெடுப்பு என்று குறியுங்கள். பின்தொடரும் ஆய்வானால் ஒவ்வொருவரிடமும் இரண்டு தொலைபேசி எண்கள் வாங்குங்கள், இரண்டாவது பக்கத்து வீட்டு எண்ணாக இருக்கட்டும். பிள்ளைகளிடம் வெளிநாடு போய்விட்ட ஒருவரைப் பற்றி இரண்டு வருடத்துக்குப் பிறகு உங்களுக்குச் செய்தி சொல்லக்கூடியவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.