மறு: விபத்துக்குப் பின் அண்ணனுக்கு வயிறு போடுகிறது
சகோதரி, குலசேகரத்தில் ரப்பர் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அண்ணன் முதலில் மெலிந்தார், 2 ஆண்டுகளில் வயிறு போட்டுவிட்டது, சோம்பலா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை, அந்தச் சொல்லை அவர் காதில் போட்டுவிடாதீர்கள். தென்னையிலிருந்து விழுந்த எனக்கும் இப்படித்தான் ஆனது. முதல் மாதங்களில் கால் தசை கரைந்து எடை இறங்கும். தசை குறைந்த உடலுக்குப் பழைய சாப்பாடு மிகுதி. மிஞ்சுவது கொழுப்பாகச் சேரும்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். நான் கொப்பரை நிறுக்கும் மேடைத் தராசில் சக்கர நாற்காலியோடு ஏறி, வெறும் நாற்காலியின் எடையைக் கழித்துக்கொள்வேன். படுக்கவைத்து வயிற்றுச் சுற்றளவையும் குறித்துவையுங்கள். மரச்சீனிக் கிழங்கைப் பாதியாக்கி, சாளை மீனைக் கூட்டுங்கள். பட்டினி மட்டும் வேண்டாம். சத்துக் குறைந்தால் படுக்கைப் புண் வந்தால் எளிதில் ஆறாது. ஒரு கால் திடீரென வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.