நண்டுக் கணக்கும் ஜிடிஏவும் ஒரே லேப்டாப்பில்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் நண்டு, கணவாய் எடுத்து தூத்துக்குடி கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். கொஞ்சம் பாக்கெட் கருவாடும் போடுகிறோம். டேலி, ஜிஎஸ்டி, எக்ஸெல், வாட்ஸ்அப் வெப், இவ்வளவுதான் வேலை. பழைய லேப்டாப் போய்விட்டது. புதிதாக வாங்குவதில் நானும் தம்பியும் மீன்பிடித் தடைக்காலத்தில் கேம் விளையாட முடியுமா என்று பார்க்கிறோம். வலோரன்ட், ஜிடிஏ 5 இரண்டும் ஓட வேண்டும். பட்ஜெட் 85,000 ரூபாய். கடைக்காரர் "பிசினஸ் லேப்டாப்பே போதும்" என்கிறார். தம்பி கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
*— மண்டபம் வாசகர்*

பதில்: தம்பி சொல்வதுதான் சரி. ஆனால் அவர் ஆசைப்படும் மாடலை அப்படியே வாங்கிவிடாதீர்கள். (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத்தான் தடை. நாட்டுப்படகு நண்டு வந்துகொண்டுதான் இருக்கும். 61 நாளும் விளையாட்டு என்று தம்பிக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.)

நீங்கள் சொன்ன ஆபீஸ் வேலைக்கு இன்று கடையில் இருக்கும் எந்த லேப்டாப்பும் போதும். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் போன்ற பிசினஸ் லேப்டாப்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் உறுதியான பாடி, நல்ல கீபோர்டு, குறைந்த எடை, நீண்ட நேரம் நிற்கும் பேட்டரி, ஆள் வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரன்டி ஆகியவற்றுக்குப் போகிறது. கிராஃபிக்ஸ் பெரும்பாலும் பிராசஸரோடு சேர்ந்து வருவதுதான். வலோரன்ட் மட்டும் என்றால் அதிலேயே தாராளமாக ஓடும், கடைக்காரர் சொன்னதும் சரியாகிவிடும். ஜிடிஏ 5-ஐ அதில் செட்டிங்கைக் குறைத்து ஓட்டலாம், ஆனால் பார்க்க நன்றாக இருக்காது. அதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். உங்கள் பட்ஜெட்டில் தனி கார்டு என்றால் எல்ஓக்யூ, விக்டஸ், நைட்ரோ, டஃப் மாதிரியான ஆரம்பநிலை கேமிங் வரிசைதான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆர்டிஎக்ஸ் 4050 கார்டு என்று இரண்டு லேப்டாப்பில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே வேகம் என்று நினைத்துவிடுகிறோம். லேப்டாப்பில் வரும் 4050-க்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். அதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். குறைந்த வாட் 4050, நல்ல வாட் கொடுத்த 3050-ஐ விடப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. கடையில் தொங்கும் விலை அட்டையில் இது இருக்காது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலின் விவரப் பக்கத்தில் "டிஜிபி" (கார்டுக்குக் கொடுக்கும் வாட் அளவு) என்று போட்டிருக்கிறார்களா பாருங்கள். இல்லாவிட்டால் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 120 வாட் சார்ஜரோடு வந்தால் கார்டுக்கு அதிகம் ஒதுக்க வழியில்லை. 3050 எடுக்க நேர்ந்தால் 4 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வகை உண்டு. 6 ஜிபி எடுங்கள்.

ரேம் 16 ஜிபி, அதுவும் 8 ஜிபி இரண்டாக இருக்க வேண்டும். ஒரே ஒரு ஸ்டிக் போட்டு விற்பார்கள், கேமில் வேகம் குறையும். கடையிலேயே லேப்டாப்பை ஆன் செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும். எஸ்எஸ்டி 512 ஜிபிக்குக் குறைய வேண்டாம். ஜிடிஏ 5 மட்டுமே ஏறக்குறைய 100 ஜிபி பிடிக்கும்.

ஸ்கிரீனைப் பற்றி ஒரு வார்த்தை. விலை குறைந்த கேமிங் லேப்டாப்களில் 144 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக எழுதிவிட்டு நிறத்தில் கை வைத்திருப்பார்கள். "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று இருந்தால் நிறம் வெளுத்துத் தெரியும். கணவாய் வெள்ளையாக இருக்கிறதா, மஞ்சள் தட்டிவிட்டதா என்று வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து விலை பேசுகிற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். டேலியில் நாள் முழுக்க எடை போடுகிறவருக்கு வலப்பக்கம் நம்பர் பேட் இருக்க வேண்டும். 14 இஞ்ச் பிசினஸ் மாடல்களில் பெரும்பாலும் அது கிடையாது, 15.6 இஞ்ச் கேமிங் மாடல்களில் உண்டு.

வாங்குவதற்கு முன் சுவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில கேமிங் லேப்டாப்களின் சார்ஜர் ஃபிரிட்ஜுக்குப் போடுகிற பெரிய 16 ஆம்பியர் பிளக்கோடு வரும். சாதாரண பாயின்ட்டில் நுழையாது. ஆபீசில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் 16 ஆம்பியர் பாயின்ட் என்றால் ஈரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதாகிவிடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மேசைக்கு ஒரு பாயின்ட் இழுத்துவிடுவது நல்லது.

அப்புறம் உப்பு. மண்டபத்தில் வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் சேர்ந்து வரும். கேமிங் லேப்டாப்பின் ஃபேன் பெரிது, காற்றை நிறைய இழுக்கும், உப்பும் கூடவே உள்ளே போகும். துரு, ஈரம் ஆகியவற்றால் வந்த பழுது பொதுவாக வாரன்டியில் சேராது. சர்வீஸ் ஆள் மூடியைத் திறந்து பச்சை பூத்திருப்பதைப் பார்த்தால் அதோடு பேச்சு முடிந்தது. எனவே கடல் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். வேலை முடிந்து ஆறியபின் மூடி, சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு பையில் போட்டு அலமாரியில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். வாரன்டி இருக்கும்போது அதை அங்கீகரிக்கப்பட்ட சென்டரில்தான் செய்ய வேண்டும்.

வாரன்டியில் "ஆன்சைட்" என்று இருந்தாலும் 623-இல் தொடங்கும் நம் பின்கோடுகளுக்கு ஆள் வருவார்களா என்று கம்பெனியின் கஸ்டமர் கேரில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். வராவிட்டால் ஒவ்வொரு பழுதுக்கும் மதுரைக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும். இரண்டு மாடல் சமமாகத் தெரிந்தால் ஆள் வரும் கம்பெனியை எடுங்கள், கார்டு ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை.

வரி: லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 85,000 ரூபாய் பில்லில் சுமார் 13,000 வரி. ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கினால் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று கடையில் சொல்வார்கள். உங்களுக்கு அப்படி இல்லை. ஃபிரெஷ் நண்டுக்கு வரி கிடையாது என்பதால் அந்த விற்பனைக்கான பங்குக்கு இன்புட் கிரெடிட்டும் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. பாக்கெட்டில் போட்டு லேபிள் ஒட்டிய கருவாட்டுக்கு வரி கட்டுகிறீர்கள் அல்லவா, அந்தப் பங்குக்குத்தான் கேட்கலாம். தொழிலுக்குப் பயன்படும் அளவுக்குத்தான் கிரெடிட் என்பதும் சட்டம். ஜிடிஏ அதில் சேராது. கணக்கை ஆடிட்டரிடம் விட்டுவிடுங்கள், பில்லை மட்டும் நிறுவனத்தின் பெயரில் வாங்குங்கள்.

பழைய லேப்டாப் கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் டேலி லைசென்ஸை அதில் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் போடுங்கள்.

கேள்வி: அண்ணன் துபாயில் இருக்கிறார். அங்கே கேமிங் லேப்டாப் விலை குறைவு, ஊருக்கு வரும்போது வாங்கி வரவா என்கிறார். வாங்கச் சொல்லலாமா?
*— கீழக்கரை வாசகி*

பதில்: விலை குறைவு என்பது பல மாடல்களுக்கு உண்மைதான். அங்கே வாட் வரி 5 சதவீதம், இங்கே 18. பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரியில்லாமல் கொண்டுவரலாம். பேட்டரி இருப்பதால் கைப்பையில் வைப்பதுதான் நல்லது.

சிக்கல் வாரன்டியில்தான். கேமிங் மாடல்கள் பலவற்றுக்கு வாங்கிய நாட்டில் மட்டுமே வாரன்டி. பிசினஸ் மாடல்கள் பலவற்றுக்குப் பல நாடுகளில் செல்லும். அண்ணனைக் கடையில் நின்றபடியே சீரியல் நம்பரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கம்பெனியின் இந்திய கஸ்டமர் கேரில் இந்த நம்பருக்கு இங்கே சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்ற பிறகு பணம் கட்டச் சொல்லுங்கள். கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்திருக்கும், சார்ஜர் பட்டை முள் வைத்தது, அடாப்டர் வேண்டும். இதெல்லாம் பரவாயில்லை என்றால் பரவாயில்லை. மதர்போர்டு போனால் ஆகும் செலவை நினைத்தால் எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் பிசினஸ் லேப்டாப் 18,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். மகன் படிக்கவும் கொஞ்சம் விளையாடவும் ஆகுமா?
*— தொண்டி வாசகர்*

பதில்: படிக்க ஆகும். விளையாட்டு வலோரன்ட் அளவோடு நிற்க வேண்டும். பிராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதா என்று முதலில் பாருங்கள். அதற்கு முந்தியவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. பில் தரமாட்டேன் என்கிற கடையில் எடுக்காதீர்கள். பில் இருந்தும் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.