சாயங்காலம் ஏழு மணிக் கணக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கயத்தாறு பக்கம் ஒரு கிராமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். மாடியில் நின்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் காற்றாடிதான். ஆடி மாதம் கொடியில் துணி நிற்காத அளவுக்குக் காற்று அடிக்கும்போதுகூட நடுவில் நாலைந்து காற்றாடிகள் சும்மா நிற்கும். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

போன வாரம் வீட்டில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதம். தம்பி எம்.இ. படிக்கிறான். தமிழ்நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தில் 80 சதவீதத்தைக் காற்றிலும் வெயிலிலும் எடுத்துவிடலாம், மாடல் போட்டுப் பார்த்துவிட்டேன் என்கிறான். மாமா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "அதெல்லாம் பேப்பர் கணக்கு. வெயில் இறங்கினதும் உன் மாடல் வந்து லைட் போடுமா?" என்கிறார். நிறுவுதிறனில் பாதிக்கு மேல் இப்போதே புதுப்பிக்கத்தக்கது என்று நானும் எங்கோ படித்தேன். யார் சொல்வது சரி? இந்த மாடல் என்பது என்ன, அதை நம்பலாமா?

கயத்தாறிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமா கேட்ட கேள்வியை என்னிடமும் ஒருவர் கேட்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தென் மாவட்டங்களின் காற்றையும் வெயிலையும் மாதச் சராசரியாக எடுத்துக்கொண்டு ஒரு மாடல் போட்டேன். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு எண். உற்பத்தியும் தேவையும் அழகாகப் பொருந்தின. எந்த நிலையத்தை எப்போது எவ்வளவு ஓட்டுவது என்று பார்க்கும் லோடு டெஸ்பாட்ச் வேலையில் பல வருடம் இருந்த பெரியவர் ஒருவர் அதைப் பொறுமையாகப் பார்த்தார். "சரி தம்பி, ஏப்ரல் மாசம் சாயங்காலம் ஏழு மணிக்கு எதை ஓட்டுவே?" என்றார். என் மாடலில் ஏழு மணி என்ற ஒன்றே கிடையாது. அன்றிலிருந்து யார் எந்த மாடலைக் காட்டினாலும் நான் முதலில் தேடுவது அந்த ஏழு மணியைத்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஓர் ஊருக்கு இரவும் பகலும் 100 மெகாவாட் தேவை. அங்கே 500 மெகாவாட் சோலார் வைக்கிறோம். ஆண்டு சராசரியில் அது தன் திறனில் 20 சதவீதம் தரும் என்று வையுங்கள். அப்படியானால் சராசரி 100 மெகாவாட். தேவையும் 100. நூற்றுக்கு நூறு புதுப்பிக்கத்தக்க ஊர் என்று அறிக்கையே எழுதிவிடலாம். ஆனால் உச்சிவெயிலில் 400-க்கு மேல் வரும், ஊர் எடுத்துக்கொள்வது 100. பொழுது சாய்ந்தால் ஒன்றுமில்லை. சேமிக்க வழி இல்லையென்றால் அந்த ஊரின் தேவையில் பாதிக்கும் குறைவாகத்தான் இந்த சோலார் தரும். சராசரியில் பிழை எதுவும் இல்லை, அதை வைத்துக் கரண்ட் தர முடியாது, அவ்வளவுதான். நீங்கள் படித்த நிறுவுதிறன் கணக்கும் இப்படித்தான். அது எத்தனை மெகாவாட் நட்டு வைத்திருக்கிறோம் என்று சொல்லும், எந்த மணியில் எவ்வளவு வரும் என்று சொல்லாது.

பழைய மாடல்களுக்கு இது பெரிய குறையாக இருக்கவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சர்வதேச எரிசக்தி முகமையின் முயற்சியில் உருவான மார்க்கல் என்ற மாடல், ஓர் ஆண்டையே ஆறு துண்டாகத்தான் வெட்டியது: மூன்று பருவம், ஒவ்வொன்றிலும் பகல், இரவு. நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அது போதும். நிலக்கரி யார்டில் குவிந்து கிடக்கும், வேண்டும்போது அள்ளிப் போடலாம். காற்று யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் காற்றும் வெயிலும் பெரும்பங்கு வகிக்கும் மாடலில் மணிகளை வரிசை மாறாமல் வைத்தே ஆகவேண்டும்.

தம்பியின் மாடல் அப்படிப்பட்டதாக இருந்தால் அது உள்ளே செய்வது இதுதான். ஆண்டுக்கு 8,760 மணி. ஒவ்வொரு மணிக்கும் ஒரு சமன்பாடு: அந்த மணியில் உற்பத்தியாவதும் பேட்டரியிலிருந்து வருவதும் சேர்ந்து, தேவைக்கும் பேட்டரியில் ஏற்றுவதற்கும் சமமாக இருக்க வேண்டும். வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி, இந்த மணியின் முடிவில் பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் அடுத்த மணியைத் தொடங்க முடியும். இத்தனையும் சரிக்கட்டி, மொத்தச் செலவு குறைவாக வரும்படி எதை எவ்வளவு கட்டுவது, எதை எப்போது ஓட்டுவது என்று கணினி தேடும். 'பைப்சா' போன்ற இலவச மென்பொருள்கள் வந்த பிறகு ஒரு மாணவரே இதைத் தன் மடிக்கணினியில் செய்துவிடலாம். எனக்கு இதில் உண்மையாகவே சந்தோஷம். ஒரு மாநிலத்தின் மின்சாரத் திட்டத்தை ஒரு மாணவர் தானே சோதித்துப் பார்க்க முடிவது சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்த மாடலுக்கு ஒரு பெரிய சலுகை உண்டு. ஆண்டு முழுவதின் வானிலையும் அதன் கையில் முன்பே இருக்கிறது. புதன்கிழமை மேகம் மூடும் என்று திங்கட்கிழமையே தெரிந்து பேட்டரியை நிரப்பி வைத்துக்கொள்ளும். மாமாவோடு ஷிப்ட் பார்த்தவர்கள் யாருக்கும் அந்த வசதி கிடையாது. நம் நாட்டில் ஒரு நாளை 15 நிமிடமாக 96 துண்டாக வெட்டித்தான் மின்சாரத்தை ஷெட்யூல் செய்கிறார்கள். முன்கணிப்பு தவறினால் அந்த 15 நிமிடத்துக்குள் வேறு ஏதாவது ஒன்று கை கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் மாமாவின் அவநம்பிக்கைக்கு முழு நியாயம் இருக்கிறது.

அப்புறம், தம்பி காற்றுத் தரவை எங்கே எடுத்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் 'எரா-5' என்ற ஐரோப்பிய வானிலைத் தரவாக இருக்கும். 1940 முதல் மணிவாரியாகக் கிடைக்கிறது, அருமையான தரவு. ஆனால் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைக்கு நடுவே நெருக்கிக்கொண்டு பாயும் காற்று அந்தக் கட்டத்துக்குள் கரைந்துபோகும். தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் உங்கள் கயத்தாறிலேயே இருக்கிறது. கோபுரம் நட்டு அளந்த அப்படிப்பட்ட அளவீடுகளை வைத்துத் திருத்தாவிட்டால், நம் கணவாய்களைப் பற்றி மாடல் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

இனி உங்கள் காற்றாடிக்கு வருகிறேன். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அதுதான். நின்றுகொண்டிருப்பதில் சில பழுதுக்காக நிற்கும், அதை விட்டுவிடலாம். மற்றவை நிற்க இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கம்பி. உங்கள் பக்கத்தில் விளையும் மின்சாரத்தைத் தின்ன ஆள் சென்னையிலும் கோவையிலும் இருக்கிறார்கள். நடுவில் உள்ள லைன் நிறைந்துவிட்டால் காற்று எவ்வளவு அடித்தாலும் பயனில்லை. தமிழ்நாடு முழுவதையும் ஒரே புள்ளியாக வைத்த மாடலுக்கு இது தெரியவே தெரியாது. அதன் கணக்கில் முப்பந்தலும் அம்பத்தூரும் பக்கத்து வீடு.

இரண்டாவது காரணம் நிலக்கரி நிலையம். மேட்டூரில் ஒரு 600 மெகாவாட் யூனிட், அதாவது ஒரு பாய்லரும் அதோடு சேர்ந்த ஜெனரேட்டரும், இருக்கிறது. காற்று அதிகமாக வரும்போது அதைக் குறைக்கச் சொல்வார்கள். ஆனால் ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால் பாய்லரில் தீ நிலையாக எரியாது. அணைத்துவிடலாம் என்றால் மறுபடி சூடேற்றி ஓட்டப் பல மணி நேரம் ஆகும், சாயங்காலத் தேவைக்கு அது வேண்டும். எனவே அடிமட்டத்தில் ஓட விட்டுத்தான் வைத்திருக்க வேண்டும். அந்த அடிமட்டம் 70 சதவீதம் என்றால் 420 மெகாவாட். 55 என்றால் 330. 40 என்றால் 240. எழுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்க முடிந்தால் ஒரே யூனிட் 180 மெகாவாட் காற்றுக்கு இடம் விடுகிறது.

2017-இல் அமெரிக்காவின் இரண்டு தேசிய ஆய்வகங்களும் நம் நாட்டு மின் தொகுப்பை, அதாவது ஒன்றோடொன்று கோத்த மின்கம்பி வலையை, இயக்கும் பொசோகோவும் (இன்று அதன் பெயர் கிரிட்-இந்தியா) சேர்ந்து ஒரு மாடல் ஆய்வு வெளியிட்டன. 1,00,000 மெகாவாட் சோலாரும் 60,000 மெகாவாட் காற்றும் இருந்தால் 2022-இல் தொகுப்பு எப்படி ஓடும் என்று 15 நிமிடத் துண்டுகளாக ஓட்டிப் பார்த்தார்கள். நிலக்கரி நிலையங்களின் அடிமட்டம் 70 சதவீதமாக இருந்தால் வீணாகும் காற்று, வெயில் மின்சாரம் 3.5 சதவீதம். 55 ஆக இறக்கினால் 1.4 சதவீதம். புதிய காற்றாடி எதுவும் நடாமல், பழைய பாய்லரைப் பழக்கியே இவ்வளவு மிச்சம். 2023-இல் மத்திய மின்சார ஆணையம், நிலக்கரி யூனிட்டுகள் 55 சதவீதத்துக்கு இறங்கப் பழக வேண்டும், பிறகு படிப்படியாக 40-க்கு என்று விதியே கொண்டுவந்தது. மாடல் செய்யக்கூடிய நல்ல காரியம் இது. நாளை என்ன நடக்கும் என்று ஜோசியம் சொல்வது அதன் வேலையில்லை. எந்த முடிச்சை அவிழ்த்தால் எவ்வளவு இளகும் என்று அது காட்டும்.

தம்பியின் மாடலில் எல்லை எங்கே என்பதையும் பாருங்கள். டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து எடுக்கிறது. மிஞ்சினால் வாங்கிக்கொள்ளவும் குறைந்தால் கொடுக்கவும் நார்வே, ஸ்வீடன் நாடுகளின் அணைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. நமக்கு 2013 டிசம்பர் 31 வரை தென்னக மின் தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்திருக்கவே இல்லை. இன்று சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 6,000 மெகாவாட் நேர்மின்னோட்ட லைன் இருக்கிறது, அதில் இரண்டு திசையிலும் அனுப்பலாம். ஆனால் கர்நாடகத்தில் காற்று அடிப்பதும் பெரும்பாலும் நம் சீசனில்தான். பக்கத்து மாநிலம் எப்போதும் வாங்கிக்கொள்ளும் என்று மாடலில் எழுதியிருந்தால் அந்த 80 சதவீதத்தை நான் ஏற்கத் தயங்குவேன்.

சேமிப்பிலும் கவனம் வேண்டும். ஆழியாறு மலைமேல் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் எண்பதுகளிலிருந்து இருக்கிறது. உபரி மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விடுவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் 2024 மே 2 அன்று நம் உச்சத் தேவை 20,830 மெகாவாட். அதில் 400 என்பது இரண்டு சதவீதம்கூட இல்லை. பகல் வெயிலைச் சாயங்காலத்துக்கு நகர்த்த பேட்டரி போதும். ஆடிக் காற்றை ஐப்பசி அடைமழைக்கு நகர்த்துவது வேறு வகைச் சிக்கல். அப்படி ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் வேண்டிய சேமிப்புக்குச் செலவு எகிறும். எண்பதிலிருந்து நூறுக்குப் போகும் தூரம் அதனால்தான் இவ்வளவு கடினம்.

மணிக்கணக்கு மாடல் பார்க்கவே முடியாத ஒன்றும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 28 மதியம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சில நொடிகளில் இருண்டன. மின்னழுத்தம் கட்டுமீறி உயர்ந்து, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுப்பிலிருந்து கழன்றுகொண்டன. அதை நொடிக்கணக்கில் பார்க்கத் தனி மாடல் வேண்டும்.

எனவே தம்பி சொல்லும் 80 சதவீதம் நடக்கக்கூடியது என்றுதான் நினைக்கிறேன். லைன், பேட்டரி, இறங்கப் பழகிய நிலக்கரி யூனிட் எல்லாம் சேர்ந்தால் நடக்கும், இன்று இருப்பதை வைத்து நடக்காது. மாமா கேட்பது அந்த மாடலுக்கு வைக்க வேண்டிய பரீட்சை. இருவரும் ஒரு நாள் சேர்ந்து உட்காரட்டும். ஆண்டு முழுவதையும் விட்டுவிட்டு மூன்று வாரங்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்: காற்று இன்னும் வராத ஏப்ரல் கடைசி வாரம், ஜூலையில் காற்று மிக அதிகமாக இருந்த வாரம், நவம்பரில் மேகம் விடாமல் மூடிய வாரம். ஒரே வருடத்தை நம்பாமல் பத்து வருட வானிலையில் அந்த வாரங்களை ஓட்டட்டும். எந்த லைன் எந்த மணியில் நிறையும் என்று மாமாவுக்கு நினைவிருக்கும், அதைத் தம்பி எழுதிக்கொள்ளட்டும். என்ன வந்தது என்று எனக்கும் அனுப்புங்கள், ஏப்ரல் ஏழு மணியில் என்ன ஓடியது என்பதை முதலில்.

அன்புடன்.