கரண்டி எப்போது குற்றமாகிறது? போதைக் கருவிச் சட்டம் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவில் பல மாநிலங்கள் ‘போதைக் கருவி’ (போதைமருந்தை உட்கொள்ளவோ கையாளவோ பயன்படும் சாமான்) என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இருந்த விளக்கத்தை மாற்றிவிட்டன, மொரீஷியஸிலும் அதைப் பேச வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. நான் வக்கீல் அல்ல. போர்ட் லூயிஸ் பக்கம், போதைமருந்து ஏற்றுகிறவர்களின் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியது கொடுக்கும் ஊசி மாற்று வண்டியில் பன்னிரண்டு வருடமாகத் தொண்டு செய்கிறேன். அந்த வேலைக்காகத்தான் இந்தச் சட்டங்களைப் படித்தேன். வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலிடம்தான் போக வேண்டும்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் அம்மா: மகன் அறையைப் பெருக்கும்போது அடி கருகிய கரண்டி, கொஞ்சம் பஞ்சு, ஓர் ஊசி கிடைத்தன. கை நடுங்குகிறது. குப்பையில் போட்டுவிடவா? இதற்கே போலீஸ் பிடிக்குமா?

அக்கா, முதலில் அந்த ஊசியை வெறும் கையால் தொடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைத் தரையில் வைத்து, துணியைப் பல மடிப்பாக மடித்துப் பிடித்து, முனை உள்ளே போகும்படி போட்டு இறுக்கி மூடுங்கள். ஊசிக்கு மூடி மாட்டப் பார்க்காதீர்கள், அப்படித்தான் குத்திக்கொள்வார்கள். குப்பையில் வேண்டாம், குப்பை எடுக்கிறவர் கையில் ஏறும். வண்டிக்குக் கொண்டுவாருங்கள், பெயர் கேட்க மாட்டோம்.

சட்டத்துக்கு வருகிறேன். நம் 2000ஆம் ஆண்டுப் போதைமருந்துச் சட்டத்தில், மருந்தை வைத்திருப்பது மட்டுமல்ல, அதை உட்கொள்வதற்கான சாமானை வைத்திருப்பதும் குற்றம்தான். கரண்டி எதற்காக அங்கே இருக்கிறது, மருந்தைக் கரைக்கவா சமையலுக்கா என்பதுதான் வழக்கு. ஆனால் 2006இல் வந்த எச்ஐவி சட்டம் ஊசி மாற்றுத் திட்டத்துக்கு இடம் கொடுத்து, அந்தத் திட்டத்தில் ஊசி வாங்குகிறவர்களுக்குப் பாதுகாப்பும் தந்தது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, சொந்த உபயோகத்துக்காக மருந்து வைத்திருந்து பிடிபட்டவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஒரு குழுவிடம் அனுப்பி மறுவாழ்வுக்கு வழி செய்ய அரசு வழக்கு இயக்குநரால் முடியும். ஆகவே பயத்தில் பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்திவிடாதீர்கள். அதைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன்.

மொக்காவிலிருந்து ஒரு மாணவர்: அமெரிக்காவில் ஒரு பொருளைப் போதைக் கருவி என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

1979இல் அங்குள்ள போதைத் தடுப்புத் துறை ஒரு மாதிரிச் சட்டம் எழுதிக் கொடுத்தது. கஞ்சா புகைக்கும் குழாய்களைக் கடை விரித்து விற்ற காலம் அது. பெரும்பாலான மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன. அலாஸ்கா எடுத்துக்கொள்ளவில்லை. பட்டியலைப் படித்தால் மலைப்பாக இருக்கும்: தராசு, கிண்ணம், கரண்டி, பலூன், கடித உறை எல்லாம் உண்டு. அப்புறம், எது குற்றம் என்று பார்க்கச் சில அடையாளங்கள்: வைத்திருந்தவர் என்ன சொன்னார், பக்கத்தில் மருந்து இருந்ததா, பொருளில் மருந்து ஒட்டியிருந்ததா, கடையில் எப்படி வைத்து விற்றார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. மருந்தின் வீரியத்தையும் தூய்மையையும் சோதிக்கும் சாதனமும் போதைக் கருவியே என்கிறது. 1979இல் அது வியாபாரிகளை நினைத்து எழுதிய வரியாக இருக்கலாம். நாற்பது வருடம் கழித்து உயிர் காக்கும் காகிதத் துண்டு ஒன்று அதற்குள் சிக்கிக்கொண்டது.

பூ பாசானிலிருந்து ஒரு தங்கை: அந்தக் காகிதத் துண்டு என்ன செய்கிறது?

ஃபென்டனில் என்று ஒரு வலி நிவாரணி. ஹெராயினைவிட ஐம்பது மடங்கு வரை வீரியம். அமெரிக்காவில் கள்ளச் சந்தை மருந்துகளில் இதைக் கலக்கிறார்கள். வாங்குகிறவருக்குத் தெரியாது, மூச்சு நின்றுவிடுகிறது. மருந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் கரைத்துச் சோதனைப் பட்டையை நனைத்தால் சில நிமிடத்தில் கோடு தெரியும். ஒரு கோடு என்றால் ஃபென்டனில் இருக்கிறது, இரண்டு என்றால் இல்லை. கோவிட் சோதனைக்கு நேர் எதிர், இதில் ஏமாந்துவிடக் கூடாது. முதலில் சிறுநீர்ச் சோதனைக்காகச் செய்த பட்டைதான் இது.

பழைய விளக்கப்படி இந்தப் பட்டையைப் பையில் வைத்திருந்தாலே பல மாநிலங்களில் குற்றம். 2021 ஏப்ரலில் மத்திய அரசே தன் நிதியில் இதை வாங்கலாம் என்று அனுமதித்தது. அரசுப் பணத்தில் வாங்கிய பட்டையை வாங்கிக்கொண்டவர் மாநிலச் சட்டத்தில் குற்றவாளி! பென்சில்வேனியா 2022இல் விளக்கத்தைத் திருத்தி இந்தப் பட்டைகளை வெளியே எடுத்தது. டென்னசி, விஸ்கான்சின் என்று வேறு மாநிலங்களும் அப்படிச் செய்தன. திருத்தம் சில வரிதான்.

இங்கே அதே பட்டையை இறக்கினால் போதுமா என்றால், போதாது. நம் பிள்ளைகளைச் சாய்ப்பது பெரும்பாலும் ‘சிமிக்’ என்கிற செயற்கைப் போதைப்பொருள். ஃபென்டனில் பட்டைக்கு அது தெரியாது. நமக்கு ஆய்வகச் சோதனை வேண்டும். ஆனால் மாதிரியைக் கொண்டுவருகிறவரையும் சோதிக்கிறவரையும் குற்றவாளி ஆக்காத சட்டம் முதலில் வேண்டும்.

கியூர்பிப்பிலிருந்து ஒரு பெரியவர்: ஊசியும் கொடுத்து, சட்டத்தையும் தளர்த்தினால், குடிக்கிறவனுக்குக் கிண்ணம் கழுவிக் கொடுப்பதுபோல் ஆகாதா?

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். என் மனதை மாற்றியது நம் தீவின் கணக்கு. 2005இல் இங்கே புதிதாக எச்ஐவி கண்டவர்களில் 92 சதவீதம் ஊசியால் மருந்து ஏற்றுகிறவர்கள். 2006இல் மெத்தடோனும் (ஹெராயினுக்குப் பதிலாகச் சிகிச்சையில் கொடுக்கும் மருந்து) ஊசி மாற்றும் தொடங்கின. அடுத்த பத்தாண்டுகளுக்குள் அந்தப் பங்கு பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அந்தக் கிண்ணத்தைக் கழுவாத காலத்தில், குடிக்காத மனைவிக்கும் நோய் வந்தது ஐயா.

ஆனால் 2006இல் நாம் செய்தது பாதிதான். குற்றப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு, ஊசிக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்தோம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி ஊசியில் மட்டுமா பரவுகிறது? ஒரே கரண்டி, ஒரே பஞ்சு, ஒரே தண்ணீர் என்று பகிர்ந்தாலும் பரவும். சுத்தமான கரண்டிக்கும் வடிகட்டிக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும் என்கிறேன். விற்கிறவனை விடச் சொல்லவில்லை.

போர்ட் லூயிஸ் கடைக்காரர்: சிகரெட் சுருட்டும் தாள் விற்கிறேன். பயப்பட வேண்டுமா?

புகையிலைக்கு என்று விற்கிறவரை அமெரிக்க மத்திய சட்டமே விலக்கி வைக்கிறது. 1994இல் அங்குள்ள உச்ச நீதிமன்றம், பொருள் பெரும்பாலும் போதைக்கே பயன்படும் என்று விற்கிறவருக்குத் தெரிந்திருந்ததா என்று பார்க்கச் சொன்னது. இங்கே உங்களுக்கு என் ஆலோசனை: கஞ்சா இலைப் படம் போட்ட சரக்கைக் கடையில் வைக்காதீர்கள்.

மறுபடி மொக்கா மாணவர்: மருந்து ஒட்டிய பழைய ஊசியை என்ன செய்வது? அதில் ஒட்டியிருப்பதும் மருந்துதானே?

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. ஊசி மாற்று என்றால் பழையது வந்தால்தான் மாற்று. வழியில் சோதனை போட்டு, ஒட்டியிருக்கும் துளிக்காகப் பிடிப்பார்கள் என்றால் எவன் எடுத்துவருவான்? ஒரு பையன் என்னிடம் சொன்னான், வண்டிக்கு வரும் வழியில் போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் ஐந்து ஊசியையும் கரும்புத் தோட்டத்தில் எறிந்துவிட்டானாம். மறுநாள் அங்கே கரும்பு வெட்ட வெறுங்காலோடு இறங்குகிறவர்களை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2018இல் கடற்கரையில் ஊசிகள் ஒதுங்கின என்று நகராட்சி ஊசித் திட்டத்தையே நிறுத்திவிட்டது. 2020இல்தான் மீண்டும் தொடங்கியது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2023இல் கருவிகளையும் அவற்றில் ஒட்டியிருக்கும் மருந்தையும் சேர்த்தே குற்றத்திலிருந்து நீக்கியது. நாம் பார்த்து எழுத வேண்டிய வாசகம் அது.

காவடித் தொண்டர் ஒருவர்: தைப்பூசத்துக்கு அலகு குத்தும் ஊசிப் பெட்டியோடு போனால் தொந்தரவு வருமா?

வராது, நோக்கம் வேறு. ஆனால் ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தாதீர்கள். ஹெபடைடிஸுக்குப் பக்தி தெரியாது.

மீண்டும் ரோஸ் ஹில் அம்மா: பாட்டிலில் போட்டு மூடிவிட்டேன். மகனிடம் கத்தவில்லை. மெத்தடோன் எடுக்கலாமா என்று அவனே கேட்டான். என்ன செய்யட்டும்?

அக்கா, சனிக்கிழமை காலையில் அவனையும் பாட்டிலையும் கூட்டிக்கொண்டு வண்டிக்கு வாருங்கள். சிகிச்சை மையத்துக்கு நானே உடன் வருகிறேன். அன்று காலை மருந்து எடுக்காமல் இருந்தால் அவனுக்கு உடம்பு முறித்துப் போட்டதுபோல் வலிக்கும், எரிந்து விழுவான். கொஞ்சம் கஞ்சி குடிக்க வைத்து அழைத்துவாருங்கள்.