படம் பார்த்தபிறகு அதன் நாவலைப் படிப்பது வீண்வேலையா?

அறிவியல் புனைகதைப் படத்தைப் பார்த்தாயிற்று, அதே கதையை நாவலாக வேறு எதற்குப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்கிப் படித்தால் வீணில்லை. படத்தை வைத்து வரும் இந்த நாவல்கள் பெரும்பாலும் படம் முடிவதற்கு முன்பே திரைக்கதையை வைத்து எழுதப்படுபவை. எடிட்டிங்கில் போனது, கடைசி நேரத்தில் மாறியது எல்லாம் புத்தகத்தில் தங்கிவிடும்.

'ஸ்டார் வார்ஸ்' படம் வந்தது 1977 மே மாதம். நாவல் 1976 கடைசியிலேயே வந்துவிட்டது. அட்டையில் படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பெயர், எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். கடைசிச் சண்டையில் கதாநாயகன் லூக்கின் விமானப் படைக்கு நாவலில் நீலம், படத்தில் சிவப்பு. பின்னணியைப் பிறகு சேர்ப்பதற்காக வைக்கும் நீலத்திரைக்கு முன்னால் நீலப் பட்டை போட்ட விமானங்களைப் படமெடுப்பது தொல்லை என்று மாற்றினார்கள்.

அதே ஃபாஸ்டர் 'ஏலியன்' படத்தின் நாவலை எழுதியபோது, அதில் வரும் வேற்றுக்கிரகப் பிராணி எப்படி இருக்கும் என்று ஸ்டுடியோ அவருக்குக் காட்டவேயில்லை. புத்தகத்திலும் அதன் உருவம் சரியாகப் பிடிபடாது. நான் அதைப் படத்துக்கு முன்பே படித்தவன். அப்போது ரங்கூனுக்கு ஆங்கிலப் படம் வருவதே அபூர்வம். கப்பலில் வேலை பார்த்த மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்து, "மாப்ளே, படம் இங்க எப்ப வருமோ, இதைப் படிச்சு வையி" என்று கொடுத்தார். வருஷங்கள் கழித்து வீடியோவில் பார்த்தபோது 'இவ்வளவுதானா' என்றிருந்தது. நான் நினைத்து வைத்திருந்தது அதைவிடக் கொடூரம்.

என்னைக் கேட்டால், ஐசக் அசிமோவின் 'ஃபென்டாஸ்டிக் வாயேஜ்' (1966) நாவலில் தொடங்குங்கள். ஒரு விஞ்ஞானியின் மூளையில் ரத்தக்கட்டி. நீர்மூழ்கியோடு ஆட்களையும் சுருக்கி அவர் ரத்தத்துக்குள் செலுத்துகிறார்கள். அறுபது நிமிஷத்தில் பழைய அளவு திரும்பிவிடும். படத்தில் நீர்மூழ்கியை வெள்ளையணு விழுங்கிவிடுகிறது, ஆட்கள் கண்ணீர் வழியே தப்பி வருகிறார்கள், சுபம். சரி, விழுங்கிவிட்டால் இரும்பு காணாமல் போய்விடுமா? நேரம் முடிந்ததும் உள்ளேயே விரிந்து அந்த மனுஷனைக் கிழித்திருக்காதா? உயிர்வேதியியல் படித்த அசிமோவுக்கு இது பொறுக்கவில்லை. நாவலில் அந்த வெள்ளையணுவையே சீண்டி, பின்னால் துரத்தி வரவைத்து, நொறுங்கிய கப்பலோடு வெளியே இழுத்து வருகிறார்கள். புத்தகம் படத்துக்கு முன்பே வெளியானதால், படம்தான் நாவலிலிருந்து எடுத்தது என்று நினைப்பவர்கள் நிறைய.

கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கின் '2001' நாவலை (1968) இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அது இயக்குநர் குப்ரிக்கின் படத்தோடு கூடவே வளர்ந்த நாவல். படத்தில் வியாழனுக்குப் போகிறார்கள், நாவலில் சனிக்கு.

மற்றபடி குப்பையும் ஏராளம். வசனத்தை வரிசையாக எழுதி, நடுவே 'என்றான்', 'என்றாள்' போட்டு முடித்தவை. ரங்கூன் பன்சோடன் தெரு நடைபாதைக் கடைகளில் பழைய ஆங்கிலப் பேப்பர்பேக்குகளைப் புரட்டும்போது, யாருமே பேசாத ஒரு பக்கத்தைத் தேடிப் படிப்பேன். அங்கே எழுத்தாளருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால்தான் விலை கேட்பேன்.